‘ஏ மதராசி!’: கூட இருப்பவர்கள் நிறத்தையும் ஊரையும் சொல்லிக் குத்தினால் என்ன செய்வது? தில்லியில் வீடு பகிர்ந்து இருப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

2017 மே மாதம். தில்லி முனிர்கா கிராமத்தில் மூன்றாவது மாடி வீடு. கரண்ட் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. உள்ளே இருந்தால் வெந்துவிடுவோம் என்று நான்கு பேரும் மொட்டைமாடிக்கு ஏறினோம். யாரோ செல்ஃபி எடுக்கலாம் என்றார்கள். கூட இருந்த அரியானா ரோத்தக்காரன் என் தோளில் கைபோட்டு, “தாந்த் திகா பாயி, நஹீ தோ ஃபோட்டோ மே ஆயேகா நஹீ” என்றான். பல்லைக் காட்டு, இல்லாவிட்டால் படத்தில் விழமாட்டாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. அதில் நான்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரிக்கிறேன்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் அந்த வீட்டில் எனக்குப் பெயர் கிடையாது. ‘காலியா’ (கருப்பன்), ‘மதராசி’, சமையல் செய்தால் ‘சாம்பார்’. சிரித்தவன் நான் என்பதால் நடுவில் நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லை.

தெருவில் ஒருவன் சொன்னால் முறைத்துவிட்டு நடையைக் கட்டலாம். வீட்டில் சொல்பவனோடு மறுநாள் காலை ஒரே குழாயில் பல் தேய்க்க வேண்டும், ஒரே சிலிண்டருக்குக் காசு போட வேண்டும், ஐந்தரை மணிக்குத் தண்ணீர் மோட்டார் போட அவனைத்தான் எழுப்ப வேண்டும். தெருவில் காட்டுகிற வீரம் இங்கே செல்லாது. நான் எழுதுவது இந்த நிலைமையில் இருப்பவர்களுக்காக. தில்லியில் ஒன்பது வருஷத்தில் நான்கு வீடு மாறியிருக்கிறேன். அதில் இரண்டு வீட்டில் நான் செய்தது தப்பு. அதையும் சேர்த்துத்தான் சொல்லப் போகிறேன்.

கூட இருந்தவர்களின் பெயரை எழுதப் போவதில்லை, ஊரைச் சொல்லித்தான் குறிப்பிடுவேன். ஆளை ஊர்ப்பெயரால் கூப்பிடுகிறார்கள் என்று புகார் சொல்ல வந்தவன் அதையே செய்கிறான் என்று நீங்கள் நினைத்தால் அதுவும் சரிதான். வேறு வழி தெரியவில்லை.

முதலில் சொல்லை எடைபோடுங்கள்

எல்லாச் சொல்லும் ஒரே எடை இல்லை. ‘மதராசி’யையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரன் காலத்து மெட்ராஸ் மாகாணத்தில் தமிழ்ப் பகுதிகள் மட்டுமல்ல, ஆந்திரக் கரை, மலபார், கன்னடம் பேசும் சில ஊர்கள் எல்லாம் அடக்கம். அங்கிருந்து வடக்கே வேலைக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் மதராசி. மாகாணம் போய், 1969-ல் மெட்ராஸ் மாநிலம் தமிழ்நாடு ஆகி, 1996-ல் பட்டணமும் சென்னை ஆகிவிட்டது. சொல் மட்டும் தில்லியில் அப்படியே தங்கிவிட்டது. ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்கால் ஓரம் நம் ஆட்கள் பல பத்தாண்டுகள் குடியிருந்த இடத்துக்கே ‘மதராசி கேம்ப்’ என்றுதான் பெயர். 2025 ஜூனில் அதை இடித்தார்கள், அப்போதும் செய்தியில் அந்தப் பெயர்தான். கரோல் பாகில் அறுபது வருஷமாக இருக்கும் தமிழ்த் தாத்தாக்கள் தங்களையே “ஹம் மதராசி லோக்” என்று சொல்லிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன்.

என் இரண்டாவது வீட்டு ஓனரின் அம்மா, எழுபத்தைந்து வயது, என்னை “மதராசி பேட்டா” என்று கூப்பிட்டுத்தான் பனிக்காலத்தில் மேத்தி பராட்டா கொடுத்தனுப்புவார். அவரைத் திருத்த எனக்குத் தோன்றவே இல்லை. இருபத்தாறு வயதில் ஐ.டி. வேலையில் இருப்பவன், நான் தமிழ், என் கூட வேலை பார்ப்பவர் மலையாளி என்று தெரிந்தும் அதே சொல்லைச் சொன்னால் அது வேறு சங்கதி. வயது, தொனி, சொல்வதற்கு முன்னும் பின்னும் என்ன நடக்கிறது, இவற்றைப் பாருங்கள். உங்கள் பெயர் தெரிந்தவர் அதைச் சொல்லாமல் விடுகிறாரா என்பதே எனக்கு முக்கியமான அடையாளம்.

‘யண்டு குண்டு’ என்று நம் பேச்சை நக்கல் செய்வது, ‘ஐயையோ’வை இழுத்து இழுத்துச் சொல்வது, எந்த ரஜினி ஜோக்கையும் நம் பக்கம் பார்த்தே சொல்வது, இதெல்லாம் கொசுக்கடி. ஒரு நாள் இரண்டு நாள் தாங்கும், தினமும் என்றால் தூக்கம் போய்விடும். “ஹிந்தி தெரியாதா? தேசிய மொழியாச்சே” என்பதற்கு மட்டும் கையில் ஒரு தகவல் இருக்கட்டும்: இந்தியாவுக்குத் தேசிய மொழி என்று ஒன்று அரசியல் சட்டத்தில் இல்லை. 343-வது பிரிவு இந்தியை ஒன்றியத்தின் அலுவல் மொழி என்கிறது. எட்டாவது அட்டவணையில் 22 மொழிகள் இருக்கின்றன. ஒரு தடவை அமைதியாகச் சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். இதை வாதமாக வளர்த்தவன் எவனும் ராத்திரி பன்னிரண்டுக்கு முன்னால் தூங்கியதில்லை.

நிறம்தான் ஆழமாக இறங்குவது. ஏன் அப்படி என்று நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். ரோத்தக்காரன் ‘காலியா’ என்றபோது குத்தியது அவன் குத்தினதால் மட்டுமில்லை. அந்த இடத்தில் ஏற்கெனவே புண் இருந்தது. விருதுநகரில் என் ஆச்சி என் அக்காவைப் பற்றி, “கருப்பா இருந்தாலும் களையா இருக்கா” என்று பெண் பார்க்க வந்தவர்களிடம் சொன்னதைக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்த ‘இருந்தாலும்’ எங்கள் வீட்டில் பிறந்த சொல், அரியானாவில் பிறந்தது இல்லை. 2020-ல் ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரை க்ளோ அண்ட் லவ்லி என்று மாற்றிக்கொண்டபோது எங்கள் வீட்டு அலமாரியில் ட்யூப் மட்டும்தான் மாறியது. இதைச் சொல்வது அவனை விட்டுவிடுங்கள் என்பதற்காக இல்லை. பேச உட்காரும்போது இருபது வருஷத்துக் கோபத்தையும் சேர்த்து அவன் ஒருவன் தலையில் கொட்டிவிடக் கூடாது என்பதற்காக.

அறியாமையா, பழக்கமா, வேண்டுமென்றே அமுக்குவதா என்று முன்கூட்டியே பிரித்துவிடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். முடியாது. ஒரு தடவை தெளிவாகச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு அவர் என்ன செய்கிறார் என்பதில்தான் ஆள் தெரியும்.

பேசும் முன் உங்கள் பிடிமானத்தைப் பாருங்கள்

வாடகை ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா, இல்லை ஏற்கெனவே இருந்தவனின் பெயரில் நீங்கள் ஒண்டிக்கொண்டிருக்கிறீர்களா? தில்லியில் பெரும்பாலும் பதினொரு மாத ஒப்பந்தம்தான்; ஒரு வருஷத்துக்கு மேல் போனால் பதிவு செய்ய வேண்டும் என்பதால் அந்தக் கணக்கு. அட்வான்ஸ் ஓனர் கையில் கொடுத்தீர்களா, அறைத்தோழன் கையிலா? போலீஸ் சரிபார்ப்புக்கு உங்கள் ஆதார் போயிருக்கிறதா? அட்வான்ஸை ஜிபேயில் அனுப்பியிருந்தால் அந்த ஸ்கிரீன்ஷாட்டை இன்றைக்கே எடுத்து வையுங்கள். பணமாகக் கொடுத்திருந்தால், “பாயி, அன்று கொடுத்த பன்னிரண்டாயிரம் அட்வான்ஸ் கணக்கில் இருக்கில்ல?” என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி கேட்டு, “ஹான்” (ஆமாம்) என்ற பதிலை வாங்கிவிடுங்கள். சண்டை வந்த பிறகு இந்த ‘ஹான்’ கிடைக்காது.

இன்னொரு கேள்வி உங்களிடமே கேட்டுக்கொள்ள வேண்டியது. இந்த வீட்டில் எத்தனை நாள் இருக்கப் போகிறீர்கள்? பழைய ராஜேந்திர நகரில் யு.பி.எஸ்.சி. படித்துக்கொண்டு, முதன்மைத் தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கும்போது அறைத்தோழனைச் சீர்திருத்தக் கிளம்பாதீர்கள். காதில் பஞ்சை வைத்துக்கொண்டு நூலகத்தில் போய் உட்காருங்கள். அதில் கோழைத்தனம் ஒன்றும் இல்லை, பரீட்சை முடிந்து பேசலாம்.

முதல் தடவை சொல்வது

இதில்தான் வேலை முழுக்க இருக்கிறது, அதனால் நின்று சொல்கிறேன்.

கூட்டத்தில் சொல்லாதீர்கள். நான்கு பேர் சிரித்துக்கொண்டிருக்கும்போது ஒருவனை நிறுத்தினால், அவன் உங்களுக்குப் பதில் சொல்ல மாட்டான், மற்ற மூன்று பேருக்குத்தான் சொல்வான். அந்த இடத்தில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: சிரிக்காதீர்கள். முறைக்கவும் வேண்டாம். “ஸம்ஜா நஹீ, ஃபிர் ஸே போல்” என்று முகத்தை மாற்றாமல் கேட்கலாம். புரியவில்லை, திரும்பச் சொல். கேலியை இரண்டாம் தடவை விளக்கிச் சொல்லும்போது அதில் சிரிக்க ஒன்றும் இருக்காது, பாதிப் பேர் அங்கேயே வழிந்துவிடுவார்கள்.

சனிக்கிழமை ராத்திரி பாட்டில் திறந்த பிறகு பேச்சே வேண்டாம்.

நான் பேசியது 2018 ஜனவரியில், மதர் டெய்ரி பூத்துக்குப் பால் வாங்கப் போகும்போது. காலை ஆறே முக்கால், பனி மூட்டத்தில் எதிரே வருகிற ஸ்கூட்டர் தெரியவில்லை. இரண்டு பேர் கையும் ஜாக்கெட் பைக்குள். இரண்டு பேரும் முன்னால் பார்த்துக்கொண்டு நடந்தோம், முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியதில்லை. இது தற்செயலாக அமைந்தது, ஆனால் இப்போது யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன்: நடந்துகொண்டே பேசுங்கள். எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அது பஞ்சாயத்து ஆகிவிடும்.

நான் சொன்னது மூன்று வாக்கியம். “யார், ஏக் பாத் போலூ? யே காலியா-மதராசி மத் போலா கர், முஜே அச்சா நஹீ லக்தா. மேரா நாம் லேகே புலா.” ஒரு விஷயம் சொல்லட்டுமா, இப்படிக் கூப்பிடாதே, எனக்குப் பிடிக்கவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடு. அவ்வளவுதான். இதை இரண்டு நாள் குளிக்கும்போது சொல்லிப் பார்த்திருந்தேன்.

எதற்கு இந்தியில்? ஆங்கிலத்தில் சொன்னால் அது மனிதவள அதிகாரி பேசுகிற மாதிரி இருக்கும், அவனும் விறைப்பாகிவிடுவான். கோபத்தில் நமக்கு இந்தி சறுக்கும், ஆண்பால்-பெண்பால் குழம்பும், அதையே பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அதனால் சின்ன வாக்கியம், மனப்பாடம். ‘ரேசிஸ்ட்’ என்ற சொல்லை முதல் பேச்சில் எடுக்காதீர்கள். எடுத்த நிமிஷத்திலிருந்து பேச்சு அவன் சொன்ன சொல்லைப் பற்றி இருக்காது, அவன் நல்லவனா கெட்டவனா என்பதைப் பற்றி ஆகிவிடும். அவன் நல்லவன் என்பதற்கு அவனிடம் நூறு சாட்சி இருக்கும், அதில் உங்களுக்கு டெங்கு வந்தபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனதும் ஒன்றாக இருக்கும். அவனை மன்னிப்புக் கேட்கச் சொல்லவும் வேண்டாம். மாற்றத்தைக் கேளுங்கள். மன்னிப்பு என்பது அவன் குனிய வேண்டிய விஷயம், பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்கு யாரும் குனிய வேண்டியதில்லை.

பதில் எப்படி வரும் என்பதும் ஏறக்குறைய தெரிந்ததுதான். “அரே, புரா மத் மான், மஸாக் தா.” தப்பாக எடுத்துக்காதே, விளையாட்டுக்குச் சொன்னது. இதற்கு நீளமான பதில் வேண்டாம். “மஸாக் தா, பர் மத் கர்.” விளையாட்டுதான், ஆனாலும் செய்யாதே. அவன் எண்ணத்தை ஆராயாமல், செயலை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். “என்னையும்தான் ஜாட் என்று எல்லோரும் கேலி செய்கிறார்கள், நான் கோபப்படுகிறேனா?” என்று வரலாம். “நான் உன்னை அப்படிக் கூப்பிடவில்லையே” என்று சொல்லலாம், அது உண்மையாக இருந்தால்.

எனக்கு அது உண்மையாக இல்லை. ரோத்தக்காரன் கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தான். பூத்தில் டோக்கன் போட்டு, மெஷினிலிருந்து தூக்குவாளியில் பால் விழுகிறவரை பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் கேட்டான்: “டீக் ஹை. பர் தூ ஃபோன் பே வடக்கன்-வடக்கன் போல்தா ஹை, வோ க்யா ஹை?” சரி, ஆனால் நீ போனில் வடக்கன் வடக்கன் என்கிறாயே, அது என்ன?

நம் வாய்

ஒரு வருஷமாக நான் தினமும் ராத்திரி அம்மாவிடமும் ஊர் நண்பர்களிடமும் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் பேசியிருக்கிறேன். அவனுக்குப் புரியாது என்ற தைரியம். ‘வடக்கனுங்க குளிக்கவே மாட்டானுங்க’ வகைப் பேச்சு. மொழி தெரியாதவனுக்கும் அடிக்கடி வருகிற சொல் காதில் விழும், அதைச் சொல்லும்போது குரல் எப்படி ஆகிறது என்பதும் விழும். அத்தனை நாளும் அவனும் ஒன்றைத் தாங்கிக்கொண்டிருந்தான். பால் பூத்தில் நின்று, அது மதராசி மாதிரிதான், ஆனால் இன்னும் கொஞ்சம் மோசம் என்று ஒத்துக்கொண்டேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்கும் வந்தது, மொட்டைமாடியில் வந்த மாதிரி இல்லை.

அந்த வீட்டில் நான்காவது ஆள் மணிப்பூரின் இம்பால் பையன். எங்கள் மூவரையும்விட வயதில் சின்னவன். ரோத்தக்காரன் அவனைச் ‘சிங்கி’ என்பான், வடகிழக்குக்காரர்களின் முகத்தைக் கேலி செய்யும் வசவு அது; நான் போனில் ‘சப்பமூக்கு’ என்பேன். அவன் ஙாரி என்கிற புளித்த மீனைப் போட்டு இரொம்பா செய்யும் நாளில், நாற்றம் தாங்கவில்லை என்று ஜன்னலைப் படாரென்று திறந்துவிட்டவன் நான். அதே மாதம் எங்கள் வீட்டிலிருந்து பார்சலில் வந்த நெத்திலிக் கருவாட்டை நான் வறுத்தபோது அவன் மட்டும்தான் தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

2007-ல் தில்லி போலீஸ் வடகிழக்கு மாணவர்களுக்கென்று ஒரு கையேடு போட்டது. மூங்கில் குருத்து, அகுனி (புளிக்கவைத்த சோயா) மாதிரி வாசனை வீசும் பண்டங்களை அக்கம்பக்கத்தில் பிரச்சினை வராமல் சமைத்துக்கொள்ளச் சொல்லி அதில் அறிவுரை இருந்தது. பெரிய கண்டனம் கிளம்பியது. அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது, ஜன்னலைத் திறந்த கை யாருடையது என்று ஞாபகம் வருகிறவரை. 2014 ஜனவரியில் லாஜ்பத் நகர் கடைத்தெருவில் அருணாசலப் பிரதேசத்து மாணவன் நீடோ தானியாவைத் தலைமுடியைச் சொல்லிக் கேலி செய்ததில் தொடங்கி அடிதடியாகி, மறுநாள் அவன் செத்துப்போனான். அந்தக் கேலியும் அன்றைக்குச் சொன்னவர்களுக்கு விளையாட்டாகத்தான் இருந்திருக்கும்.

ஆகவே நடைமுறை யோசனை: நீங்கள் பேசப் போவதற்கு முந்தின வாரம் உங்கள் போன் பேச்சை நீங்களே காதுகொடுத்துக் கேளுங்கள். ‘ஹிந்திக்காரன்’, ‘சேட்டு’, ‘பான்பராக்’ எத்தனை தடவை வருகிறது? இம்பால் பையனிடம் நான் ஒன்றும் விளக்கவில்லை, விளக்கினால் அவனுக்குத்தான் சங்கடம். அடுத்த தடவை இரொம்பா செய்தபோது எனக்கும் போடச் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வந்தது, மிளகாய்.

மறுபடியும் சொன்னால்

சொல்லிவிட்ட பிறகும் பழக்கத்தில் வாயில் வரும். ஒரு மாதம் கணக்கு வையுங்கள். வந்தவுடன் நாக்கைக் கடித்துக்கொள்கிறானா, அப்படியானால் சரியாகிறது. என் பெயரில் ஒரு ழ இருக்கிறது. ரோத்தக்காரன் அதை முதலில் ஜ ஆக்கினான், அப்புறம் ல, மார்ச் மாதம் வாக்கில் ள வரை வந்துவிட்டான். அதுபோதும் என்று விட்டுவிட்டேன்.

சொன்ன பிறகு வேண்டுமென்றே கூட்டினால், உங்களைச் சீண்டவே ஆள் கூட்டி வந்து சொன்னால், இனி அது பழக்கம் இல்லை. இப்போது இரண்டாம் ஆள் தேவை. என் மூன்றாவது வீட்டில் அப்படி ஒருவன் இருந்தான். அங்கே எனக்குத் துணை நின்றது பாட்னாக்காரன். தில்லியில் ‘பிஹாரி’ என்பதே வசவுச் சொல்லாகப் புழங்குவதைக் கேட்டு வளர்ந்தவன் அவன். மும்பையில் வடக்கிலிருந்து பிழைக்க வந்தவர்களை இழிவாக ‘பையா’ என்பார்களே, அதே மாதிரி. ஒரே மாதிரி அடிவாங்கியவன் வீட்டுக்கு வீடு ஒருவனாவது இருப்பான், கண்டுபிடியுங்கள். அவனிடம் கேட்க வேண்டியது உங்களுக்காகச் சண்டை போடுவதை இல்லை. அடுத்த தடவை அது நடக்கும்போது அவன் சிரிக்காமல், “பஸ் கர் யார்” (போதும், விடு) என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லப்பட்டவன் எதிர்த்தால் கோபக்காரன் என்பார்கள், பக்கத்தில் இருப்பவன் சொன்னால் அமைதியாகும். ஏன் இப்படி என்று கேட்டால் நியாயம் இல்லை, ஆனால் இப்படித்தான் வேலை செய்கிறது.

அதோடு வாட்ஸ்அப் குழுவில் வீட்டு விஷயங்கள் எழுதும்போது ஒரு வரியாக இதையும் போட்டுவிடுங்கள்: சிலிண்டர் காசு, குக் தீதியின் சம்பளம், குப்பை யார் முறை, பிறகு “எல்லாரும் எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிடலாம், சாதி-ஊர்-நிறம் வேண்டாம்.” சிலிண்டருக்குப் பக்கத்தில் இருப்பதால் அது உபதேசமாகத் தெரியாது. தேதி போட்டு நடந்ததைக் குறித்தும் வையுங்கள். என்ன சொன்னான், யார் இருந்தார்கள், இரண்டு வரி.

அறைத்தோழன் இல்லாத இடங்கள்

ஓனரோ பி.ஜி. நடத்தும் ஆன்ட்டியோ சொன்னால் கணக்கு வேறு. அவரைத் திருத்துவது உங்கள் வேலை இல்லை, அட்வான்ஸோடு வெளியே வருவதுதான் வேலை. சிரித்தும் வைக்க வேண்டாம், சண்டையும் வேண்டாம், வேறு வீடு தேடத் தொடங்குங்கள்.

கல்லூரி விடுதி என்றால் உங்கள் கையில் உண்மையிலேயே பலம் இருக்கிறது. யு.ஜி.சி.யின் 2009 ராகிங் தடுப்பு விதிமுறைகளில் 2016-ல் ஒரு திருத்தம் வந்தது. நிறம், இனம், சாதி, பிறந்த இடம், மொழி ஆகியவற்றை வைத்து ஒரு மாணவரை உடலாலோ மனதாலோ துன்புறுத்தினால் அதுவும் ராகிங்தான் என்று அது சொல்கிறது. சீனியர்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. 1800-180-5522 என்ற இலவச எண்ணில் சொல்லலாம். வார்டனிடம் போகும்போது வாய்ப்பேச்சாகச் சொல்லாமல், ‘ராகிங்’ என்ற சொல்லைப் போட்டு எழுத்தில் கொடுங்கள். அந்தச் சொல் காகிதத்தில் விழுந்துவிட்டால் யாரும் டிராயருக்குள் போட்டு மூட யோசிப்பார்கள்.

கல்யாணமாகி வந்த வீடு என்றால் இன்னும் கஷ்டம். என் சித்தி மகள் மேற்கு தில்லியில் ஒரு பஞ்சாபிக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். விருந்தாளி வரும்போதெல்லாம் மாமியார், “பஹூ தோடி சாவ்லி ஹை, பர் தில் கீ அச்சீ ஹை” என்பாராம். கொஞ்சம் மாநிறம், ஆனால் மனசு நல்லது. எங்கள் ஆச்சியின் ‘இருந்தாலும்’ அங்கே ‘பர்’ ஆகியிருக்கிறது. குழந்தை பிறந்த ஆஸ்பத்திரி அறையில் முதல் கேள்வியே யார் நிறம் என்பதுதான். அவள் பதில் சொல்லாமல் புருஷனைப் பார்த்தாள். அவன் போனைப் பார்த்தான்.

இந்த இடத்தில் என் அபிப்பிராயம் கறார்: அவன் அம்மாவிடம் அவன்தான் பேச வேண்டும். மருமகள் பேசினால் அடுத்த பத்து வருஷத்துக்கு அது ‘வாயாடி’ கதை. அவள் அவனிடம் கேட்டது, “என்னைச் சமாதானப்படுத்தாதே, அடுத்த தடவை அம்மா சொல்லும்போது என் முன்னாலேயே நிறுத்து” என்பதைத்தான். மூன்றாவது தடவை நிறுத்தினான். மாமியார் இரண்டு நாள் பேசவில்லை, பிறகு பேசினார். இதுவே தினசரி அவமானமாக, மிரட்டலாகப் போனால், 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பட்டப்பெயர் வைப்பதையும் இழிவுபடுத்துவதையும் வன்முறைக் கணக்கில்தான் வைத்திருக்கிறது. பெண்கள் உதவி எண் 181.

போலீஸ் என்று யோசித்தால்

எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு போங்கள். 2014-ல் வடகிழக்கு மக்களின் பிரச்சினைகளை ஆராய்ந்த பெஸ்பரூவா குழு, இனத்தைச் சொல்லி இழிவுபடுத்துவதைத் தனிக் குற்றமாக்கப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் புதுப் பிரிவுகளைச் சேர்க்கப் பரிந்துரைத்தது. அந்தப் பிரிவுகள் வரவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், அமைதியைக் குலைக்கத் தூண்டும் நோக்கத்தோடு வேண்டுமென்றே அவமதிப்பது 352-வது பிரிவு, இரண்டு ஆண்டு வரை தண்டனை. ஆனால் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் இதை விசாரிக்க முடியாது. பதிவேட்டில் எழுதி ஒரு நகல் கொடுப்பார்கள். அந்த நகலுக்கும் மதிப்பு உண்டு, நாளைக்குக் கைநீட்டினால் முன்னாலேயே சொன்னதற்கு ஆதாரம். மிரட்டல் என்றால் 351. பெண்ணின் மானத்தைக் குறிவைத்த சொல் என்றால் 79.

சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினால், நீங்கள் பட்டியல் சாதியோ பழங்குடியோ என்றால், 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. ஒரு சிக்கலைத் தெரிந்துகொள்ளுங்கள்: பொதுப் பார்வையில் சொல்லியிருக்க வேண்டும். நான்கு சுவருக்குள், வெளியாள் யாரும் இல்லாதபோது சொன்னது இதில் வராது என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. யார் முன்னால் சொன்னார்கள் என்று குறித்து வைக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

கை பட்டுவிட்டால், கதவைப் பூட்டி வைத்தால், யோசிக்காமல் 112. உங்கள் அறையில் வடகிழக்குக்காரர் இருந்தால் அவர்களுக்கென்று தில்லி போலீஸில் 1093 தனி எண் இருக்கிறது, சொல்லி வையுங்கள்.

கிளம்புவது என்று முடிவானால்

ஒரு மாத நோட்டீஸை வாட்ஸ்அப்பில் தேதியோடு கொடுங்கள். கரண்ட் மீட்டரை, சுவரை, கட்டிலை, கீசரைப் படம் எடுங்கள். அட்வான்ஸ் திரும்பாது என்ற சந்தேகம் இருந்தால் கடைசி மாத வாடகையை அதில் கழித்துக்கொள்ளும்படி முன்பே ஓனரிடம் பேசிவிடுங்கள். எதற்காகப் போகிறேன் என்று போகும்போது சொற்பொழிவு வேண்டாம். கேட்டால் மட்டும் ஒரு வரி.

அடுத்த வீடு தேடும்போது, இனி நம் ஆட்களோடேயே இருந்துவிடலாம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆர்.கே.புரம் மலை மந்திர் பக்கம், மயூர் விஹார், கரோல் பாக் எல்லாம் விசாரித்து, நான்கு தமிழ்ப் பையன்கள் இருந்த வீட்டில் நான்காவது தடவையாகப் பெட்டியை இறக்கினேன். ரசம் மணந்தது. போனில் எதையும் மறைக்க வேண்டியதில்லை. நிறத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, எல்லோரும் ஒரே நிறம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்துத் தட்டை எடுக்கும்போது, மதுரைக்காரர் ரொம்ப அன்பாகக் கேட்டார். “தம்பி, விருதுநகர்ல நீங்க எந்தத் தெரு?”

சாயங்காலம் பால் வாங்கப் போகலாமா அண்ணே என்றேன்.